கடலடியிலிருந்து ஒரு பிடி மண்

அந்தப் படகில் ஐந்து பேர் இருந்தோம். அம்மா, அம்மாவின் தம்பியான என் மாமா, நான், படகுக்காரர், அவருடைய மகன். பெரியப்பா வரவில்லை. தம்பி செத்த இடத்தைப் பார்க்கிற தெம்பு தனக்கு இல்லை என்று சொல்லிவிட்டார். தங்கச்சி சின்னப்பெண், அவளைப் பெரியம்மாவிடம் விட்டு வந்திருந்தோம். அம்மாவைக் கட்டிக்கொள்ளக் கேட்டிருந்த மேஸ்திரி வரக்கூடாது, வந்தால் தெரு பேசும். அப்பா அந்தத் தண்ணீருக்குள் இருக்கிறார் என்று ஊருக்கு நிரூபிக்கத்தான் நாங்கள் போனோம்.

ஆம்பூர்த் தோல் ஷாப்புத் தெருவில் என்னோடு கோலி ஆடியவர்களே, உங்களில் பலருக்கு இதன் கடைசிப் பகுதி தெரியும். அன்றைக்குப் பஞ்சாயத்தில் முன்னால் குந்திக்கொண்டு நான் படித்ததைக் கேட்டவர்கள் நீங்கள். உங்களுக்குத் தெரியாத முன்பகுதியை எழுதுகிறேன். நமக்கும் முப்பது வயதாகிவிட்டது. இன்னும் எழுதாமல் வைத்திருந்தால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும்.

என் அப்பா நம் தெருவில் எல்லாரையும்போலத் தோல் பதனிடும் ஷாப்பில், தோலை ஊறவைக்கிற சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்தவர். யுத்த காலத்தில் கப்பலுக்கு ஆள் எடுக்கிறார்கள், கூலி ரெண்டு பங்கு என்று யாரோ சொல்ல, மெட்ராசுக்குப் போய்க் கப்பலில் கரி அள்ளிப் போடும் வேலையில் சேர்ந்தார். நான்கு மாதம் பணம் வந்தது. பிறகு ஒரு பங்குனியில் ஜப்பான்காரன் வங்காள விரிகுடாவில் புகுந்து கண்ணில் பட்ட கப்பலையெல்லாம் சுட்டு முழுக வைத்தான். அப்பாவின் கப்பல் காக்கிநாடாவுக்கு எதிரே முழுகியது. கம்பெனியிலிருந்து வந்த இங்கிலீஷ் கடிதத்தை எங்கள் பள்ளிக்கூட வாத்தியார் படித்துச் சொன்னார். 'காணவில்லை, இறந்ததாகக் கருதப்படுகிறது.'

"கருதப்படுதுன்னா இன்னா அர்த்தம்?" என்று பெரியப்பா வாத்தியாரிடமே சண்டைக்குப் போனார். "செத்துட்டான்னா செத்துட்டான்னு எழுதறதுக்கு அவனுக்கு மசி கம்மியா?"

அந்த ஒரு வார்த்தையில் அம்மா ஆறு வருஷம் நின்றாள். நம் தெரு வழக்கம் உங்களுக்குத் தெரியும். புருஷன் செத்தால் தாலியை அறுத்துவிட்டு, மனசுக்குப் பிடித்தவன் கேட்டால் மறுபடி கட்டிக்கொள்ளலாம். அறுத்துக் கட்டிய பெண்ணை நம்மில் யாரும் கேவலமாகப் பார்த்ததில்லை. ஆனால் அறுக்க வேண்டுமென்றால் கருமாதி நடக்க வேண்டும். கருமாதி நடக்கப் பிணம் வேண்டும். பிணம் கிடைக்காவிட்டால், செத்த இடத்து மண் ஒரு பிடி கொண்டுவந்து குழியில் வைத்துப் பால் ஊற்ற வேண்டும். கிணறு இடிந்து மூடியவனுக்கும், பாலாற்று வெள்ளத்தில் போனவனுக்கும், தூர ஊரில் ரயிலில் அடிபட்டவனுக்கும் அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

அம்மாவைக் கேட்டவர் சுண்ணாம்புத் தொட்டி மேஸ்திரி. பெண்டாட்டியைக் காலராவில் பறிகொடுத்தவர். ஒரு மகள். அதிகம் பேசமாட்டார். ஒரு வெள்ளிக்கிழமை, ஷாப்பு லீவு நாளில், எங்கள் வாசலுக்கு வெளியே நின்றபடியே மாமாவிடம் சொன்னார்.

"எனக்கும் ஒரு பொண்ணு இருக்குது. ஒண்ணா பொங்கித் தின்னலாம்னு பாக்கறேன். பையன் படிப்ப நிறுத்த வாணாம். ஐஸ்கூல் பீஸ் நான் கட்டறேன். உங்கக்காவ கேட்டுச் சொல்லு."

அம்மா உள்ளே அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். ஊதுவதை நிறுத்திவிட்டாள். அதைத்தான் மாமா சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

பெரியப்பா எதிர்க்கவில்லை. "என் தம்பிக்கு ஒரு பால் ஊத்தாம நான் விடமாட்டேன். அது ஆச்சுன்னா அவ யாரைக் கட்டிக்கினா எனக்கு இன்னா?" என்றார். நாட்டாண்மைக்காரர் தீர்ப்புச் சொன்னார். "எடத்தப் பாருங்க. ஒரு பிடி மண்ணு கொண்டாங்க. மத்தத நாம பண்ணிக்கலாம்."

அங்கே இருந்தவர்களில் ஒருவர்கூடக் கடலைப் பார்த்தவரில்லை. நமக்குத் தண்ணீர் என்றால் பாலாறு. கையால் பறித்தால் மணலுக்கடியில் தண்ணீர். வெள்ளம் வந்தால் தண்ணீருக்கடியில் மணல். இடுப்பளவோ ஆளளவோ முழுகினால் கை நிறைய மண் வரும். கடலும் அப்படித்தான், கொஞ்சம் ஜாஸ்தியாக இருக்கும் என்று நாட்டாண்மைக்காரர் நினைத்தார். அம்மாவும் அப்படியே நினைத்தாள். புதுத் துணியில் ஒரு சின்னப் பை தைத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

சுதந்திரம் வந்த மறு வருஷக் கோடை அது. கிளம்புவதற்கு முன்நாள் வாத்தியார் என்னைக் கூப்பிட்டு நாற்பது பக்க நோட்டு ஒன்று கொடுத்தார். "இவ்வளவு தூரம் நம்ம பள்ளிக்கூடத்துப் பிள்ளை யாரும் போனதில்லை. தினமும் எழுது. கண்ணால் கண்டதை மட்டும் எழுது. நீயாக ஒன்றும் சேர்க்காதே" என்றார். வீட்டில் மொத்தப் படிப்பும் நான் ஒருவன்தான். நோட்டின் முதல் பக்கத்தில் அப்போதே என் பெயரை எழுதினேன்.

ஆம்பூரில் ஏறி, மெட்ராசில் மாறி, சாமல்கோட்டையில் மறுபடி மாறினோம். மெட்ராஸ் வண்டியில் எங்கள் பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள். நாங்கள் குளித்துத் துவைத்துத்தான் கிளம்பினோம். சுண்ணாம்பும், தோல் பதப்படுத்துகிற ஆவாரம்பட்டைத் தண்ணியும் எங்கள் தோலுக்குள் இருந்தன. மாமா சிரித்தார். "நல்லதுக்குத்தான்க்கா. கால நீட்டிக்க."

நான் எழுதினேன். 'ஒரு அம்மாள் எழுந்து போனார். எங்களுக்கு இடம் கிடைத்தது.' எழுதும்போதெல்லாம் அம்மா என் கையையே பார்த்துக்கொண்டு வருவாள். "பாடம் எழுதறான்" என்று எதிரில் இருப்பவர்களிடம் சொல்வாள். நான் என்ன எழுதுகிறேன் என்று அவள் கேட்கவில்லை. மாமாவும் கேட்கவில்லை. எழுத்து என்றால் அவர்களுக்குப் பாடம்தான். வீட்டில் நடப்பதையும் எழுத முடியும் என்பது அவர்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை.

காக்கிநாடாவில் மாமாவின் தெலுங்கு உதவியது. சித்தூர்ப் பக்கம் மாட்டுச் சந்தைக்குப் போய்ப் போய்க் கற்றுக்கொண்ட தெலுங்கு. விலை கேட்கவும் திட்டவும் போதுமானது. கடற்கரைக் குப்பத்தில் நரைத்த மீசைக்காரர் ஒருவர் கப்பல் முழுகிய இடத்தைக் காட்டுவதாகச் சொன்னார். யுத்தம் முடிந்ததிலிருந்து பலபேர் வந்து கேட்கிறார்கள், வெள்ளைக்காரர்கள்கூட வந்து தொப்பியைக் கழற்றிவிட்டுப் போனார்கள் என்றார். கூலி இருபது ரூபாய் என்றதும் மாமா சந்தைத் தெலுங்கை முழுவதும் செலவழித்தார். ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

காலையில் கிளம்பினோம். முதலில் தண்ணீர் சேற்று நிறம். பிறகு பச்சை. கரை ஒரு கோடாக ஆனபோது அம்மா பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மாமா இரண்டு தடவை வாந்தி எடுத்தார். வெகுநேரத்துக்குப் பிறகு படகுக்காரர் துடுப்பை நிறுத்தினார். எதிரே தண்ணீரிலிருந்து ஒரு இரும்புக் கம்பம் ஓராள் உயரத்துக்குச் சாய்ந்து நின்றது. துரு உரிந்து தொங்கியது. அதன் மேல் கறுப்புப் பறவை ஒன்று இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது.

"இதா?" என்றாள் அம்மா.

படகுக்காரர் சொல்லச் சொல்ல மாமா தமிழில் சொன்னார். மூன்று விமானம் வந்ததாம். இரண்டு தடவை சுற்றிவிட்டுக் குண்டு போட்டதாம். கப்பல் நடுவில் மடங்கி, ஒருவன் சாப்பிட்டு முடிக்கிற நேரத்துக்குள் போய்விட்டதாம். இவர்கள் படகை எடுத்துக்கொண்டு வந்து பதினோரு பேரைத் தூக்கினார்களாம். மேலே வேலை செய்தவர்கள்தான் பிழைத்தார்கள். கீழே கரி போட்டவர்களில் ஒருவரும் மேலே வரவில்லை. தண்ணீரெல்லாம் எண்ணெய். இரண்டு மாதம் மீனில் எண்ணெய் வாடை. மீன் விலைபோகாமல் குப்பத்தில் அடுப்பு எரியவில்லை.

"அப்புறம் தோலு ஒதுங்குச்சாம்க்கா. மூட்டை மூட்டையா. அந்த வருஷம் குப்பத்துல எல்லாரும் செருப்பு போட்டுக்கினாங்களாம்."

அம்மா நிமிர்ந்தாள். "இன்னா தோலு?"

படகுக்காரர் துடுப்பைப் படகோடு கட்டியிருந்த வாரைக் காட்டினார். அம்மா தவழ்ந்து போய் அதைப் பிடித்தாள். நகத்தால் சுரண்டினாள். எச்சில் தொட்டுத் தேய்த்தாள். ஆறு வருஷம் உப்பிலும் வெயிலிலும் கிடந்த வார். அதை மூக்கில் வைத்தவள் வெகுநேரம் எடுக்கவில்லை.

"ஆவாரம்பட்டைத் தோலு. நம்ம ஊரு பதம்" என்றாள். "அவரு சொன்னாரு. நம்ம சரக்குதான் ஏத்தறாங்க, மோந்துக்கினே போறேன், ஊர்ல இருக்கற மாரியே இருக்குதுன்னு. கடைசிக் கடுதாசில எழுதச் சொல்லியிருந்தாரு."

பிறகுதான் அழுதாள். அதுவரை அவள் அந்தக் கம்பத்தை நம்பவில்லை என்பது எனக்கு இப்போது புரிகிறது. ஊருக்கு மண் வேண்டியிருந்தது. அவளுக்கு அந்த வார் போதும். படகுக்காரர் கத்தியை எடுத்து வாரில் பாதியை அறுத்து அவள் கையில் கொடுத்தார். காசு கேட்கவில்லை.

மாமா மண்ணைப் பற்றிச் சொன்னார். படகுக்காரர் முதலில் புரியாமல் பார்த்தார். புரிந்ததும் சிரித்துவிட்டார். சிரித்ததற்கு உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆழம் எட்டுப் பாகம், அதாவது எட்டாள் ஆழம், அடியில் இரும்பும் கயிறும் என்றார். அவர் மகன், பதினேழு வயது இருக்கும், அஞ்சு ரூபாய் கொடுத்தால் முயற்சி செய்கிறேன் என்றான். கம்பத்தைப் பிடித்துக்கொண்டே உள்ளே போனான். முதல் தடவை வெறுங்கை. இரண்டாவது தடவை ஒரு துருச்சில்லு. மாமா அதை வாங்கிப் பார்த்து, "இது மண்ணு இல்லியே" என்றார். மூன்றாவது தடவை அவன் மேலே வர வெகுநேரம் ஆனது. வந்தபோது மூக்கிலிருந்து ரத்தம். இன்னொரு தடவை போகிறேன் என்று மூச்சிரைத்தான்.

"வாணாம்" என்றாள் அம்மா. "வாணாம் ராசா. மேல வா. ஒரு மண்ணும் வாணாம்."

தன் முந்தானையால் அவன் மூக்கைத் துடைத்தாள். அவன் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கரையில் இறங்கியதும் மாமா படகுக்குப் பின்பக்கம் போய்க் குனிந்து, அலை வந்து திரும்பும் இடத்தில் ஒரு கை ஈரமண் அள்ளினார். கறுப்பு மண். "கடல் ஒண்ணுதானேக்கா. அங்க அவர் மேல பட்ட தண்ணிதான் இங்க வந்து இத நனைக்குது" என்றார். அம்மா கொஞ்ச நேரம் அவரையும் மண்ணையும் பார்த்தாள். பிறகு இடுப்பிலிருந்து பையை எடுத்து விரித்துப் பிடித்தாள்.

திரும்பும் ரயிலில் மாமா என்னிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "எவனாவது கேட்டா கடல் மண்ணுன்னு சொல்லு." கடல் மண்தானே, நான் தலையாட்டினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை பஞ்சாயத்து. நீங்களும் வந்திருந்தீர்கள். நாட்டாண்மைக்காரர் பையை அவிழ்த்து, மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சுடுகாட்டில் குழி வெட்ட ஆள் அனுப்பியாயிற்று. பால் வாங்கியாயிற்று. மேஸ்திரி கூட்டத்தின் கடைசியில் வெள்ளை வேட்டியில் நின்றுகொண்டிருந்தார். எல்லாம் முடிந்துவிட்டது. எழுந்து போக வேண்டியதுதான் பாக்கி.

அப்போது பெரியப்பா எழுந்தார். கெட்ட எண்ணத்தில் இல்லை. இதை நான் எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் பல வருஷம் நான் அவர்மேல்தான் பழி போட்டுக்கொண்டிருந்தேன். அவர் கண் கலங்கியிருந்தது. என்னைப் பார்த்துப் பெருமையோடு கையை நீட்டினார்.

"எங்க வம்சத்துல மொத படிப்பு. போனது வந்ததெல்லாம் நோட்டுல எழுதி வச்சிக்கிறானாம், வாத்தியாரு சொன்னாரு. படிக்கட்டும். என் தம்பி கெடக்கற எடம் எப்பிடி இருக்குதுன்னு நானும் கேக்கறேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பயம் இருந்ததா என்று பதினெட்டு வருஷமாக யோசிக்கிறேன். இல்லை. நூறு பேருக்கு முன்னால் மகன் படிக்கப்போகிறான் என்ற பூரிப்புதான் இருந்தது. சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

நான் எழுந்து நின்று படித்தேன். வாத்தியார் சொல்லிக்கொடுத்தபடி காற்புள்ளிக்கு ஒரு மூச்சு, முற்றுப்புள்ளிக்கு இரண்டு மூச்சு. கம்பத்தைப் பற்றிப் படித்தபோது பெரியப்பா துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். விமானம் வந்த இடத்தில் நீங்கள் எல்லாம் வாயைப் பிளந்தீர்கள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. அதே குரலில் தொடர்ந்தேன்.

"படகுக்காரர் மகன் மூன்று முறை மூழ்கினான். மூன்று முறையும் மண் கிடைக்கவில்லை. அவன் மூக்கில் ரத்தம் வந்தது. அம்மா வேண்டாம் என்றார். கரைக்கு வந்ததும் மாமா அலை ஓரத்தில் ஒரு கை மண் அள்ளினார். அம்மா பையில் வாங்கிக்கொண்டார். மண் கறுப்பாக இருந்தது. அதில் ஒரு சிறிய நண்டு இருந்தது. அது ஓடிவிட்டது."

நண்டுக்கு நீங்கள் சிரிப்பீர்கள் என்று நிமிர்ந்து பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

முதலில் பேசியது பெரியப்பாதான். "கரை மண்ணா?"

"அண்ணே, கடல் ஒண்ணுதானேண்ணே..." என்று மாமா ஆரம்பித்தார்.

"போடா! எவனோ மிதிச்ச மண்ண என் தம்பின்னு சொல்லிப் பொதைக்கச் சொல்றியாடா?"

அம்மா எழுந்தாள். பெண்பிள்ளை பஞ்சாயத்தில் எழுந்து பேசுவதில்லை. இடுப்பிலிருந்து வாரை எடுத்து நாட்டாண்மைக்காரர் முன்னால் வைத்தாள். "மாமா, இத மோந்து பாருங்க. அந்தக் கப்பல்லேர்ந்து வந்தது. நம்ம ஊரு தோலு. அவரு அங்கதான் இருக்காரு. நான் பொய் சொல்லல."

நாட்டாண்மைக்காரர் நாற்பது வருஷம் தோல் ஷாப்பில் உழைத்தவர். வாரை மோந்து பார்த்தார், மடக்கிப் பார்த்தார். "நம்ம ஊரு பதம்தான்" என்றார். "அதுக்கின்னாம்மே பண்றது? நம்ம ஊரு தோலு சீமைக்கெல்லாம் போவுது. போன எடத்துலெல்லாம் உன் புருஷன் செத்தானா?"

சிலபேர் சிரித்தார்கள். நண்டுக்கு வராத சிரிப்பு அதற்கு வந்தது.

மண்ணைக் கொட்டச் சொன்னார்கள். கருமாதி இல்லை என்றார்கள். சாவுக் காரியத்தில் பொய் சொன்னதற்கு மாமாவுக்கும் அம்மாவுக்கும் சேர்த்துத் தண்டம் இருபத்தைந்து ரூபாய் போட்டார்கள். என்னை மட்டும் ஒருவர் தட்டிக்கொடுத்தார். "பையன் பொய் சொல்லல பாரு. அதான் படிப்பு."

மேஸ்திரி தைப்பொங்கல் வரை பார்த்தார். மாதனூரில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டார். கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் வாசலுக்கு வந்து வெளியிலேயே நின்றார். "போய்ட்டு வர்றேன்மா" என்றார். அம்மா என்று அவர் அவளைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அடுப்புக்கு முன்னால் இருந்தவள், "சரிங்கண்ணா" என்றாள். அவ்வளவுதான்.

இப்போது நான் வேலூரில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. ஏழு வருஷம் ஒருவரைப் பற்றித் தகவல் இல்லையென்றால் செத்தவராக எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. முதல்முறை அதைப் படித்த அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை. நாங்கள் காக்கிநாடா போனபோது ஆறு வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் நம் தெருவில் சட்டப் புத்தகத்தைக் குழியில் வைத்துப் பால் ஊற்ற முடியாது.

அம்மாவுக்கு நாற்பத்தெட்டு வயது. ஷாப்புச் சுண்ணாம்பு அரித்து விரல் நுனியெல்லாம் மழுங்கிவிட்டது. கழுத்தில் தாலி இருக்கிறது. கல்யாண வீட்டில் சுமங்கலிகளோடு நிற்கச் சொல்லி அவளைக் கூப்பிடுவதில்லை. அறுத்தவர்களோடு உட்காரவும் அவளால் முடியாது. பந்தி முடிகிறவரை பாத்திரம் கழுவுகிற இடத்தில் இருந்துவிட்டு வந்துவிடுவாள்.

போன வருஷம் ஒருநாள் அவளிடம் கேட்டேவிட்டேன். "அன்னிக்கு நான் படிக்கும்போது நிறுத்துடான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா."

"எப்பிடி நிறுத்தறது?" என்றாள். "அவ்ளோ நல்லாப் படிச்ச."

மாமா கணக்கை வாயால்தான் வைத்திருந்தார். நான் அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன். ரயிலுக்கு அறுபத்தேழு ரூபாய் எட்டணா. படகுக்கு இருபது. மூழ்கிய பையனுக்கு அஞ்சு. சாப்பாட்டுக்குப் பத்து ரூபாய் பன்னிரண்டணா. தண்டம் இருபத்தைந்து. ஆக நூற்று இருபத்தெட்டு ரூபாய் நாலணா. மேஸ்திரி கொடுக்க வந்தார், அம்மா ஒரு காசு வாங்கவில்லை. அன்றைக்குத் தோல் ஷாப்பில் அவளுடைய கூலி ஒரு நாளைக்குப் பத்தணா. இருநூற்றைந்து நாள் கூலி.